வேண்டாத ரிப்பேர்

"தூக்கிக் குப்பையில போடுங்க தம்பி. இதுக்கு ரிப்பேர் ஒண்ணுதான் குறைச்சல்!" என்றாள் அந்த அம்மா.

மெக்கானிக் அப்போதுதான் போனின் பின்மூடியைக் கழற்றியிருந்தான். அவளுடைய கணவர் பதறிப்போனார்.

"அவ கிடக்கறா. எவ்வளவு ஆனாலும் சரி, உயிர் குடுத்துடுங்க. பையன் இதுக்குத்தான் கூப்பிடுவான்."

"உங்க போனுக்குக் கூப்பிடச் சொல்லுங்களேன் சார்."

அவர் முகம் தொங்கிவிட்டது. "வீட்டை விட்டு வெளியே போடான்னு சொன்னவன் நான். என் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டான். அம்மாகிட்ட மட்டும் தினம் பேசுவான், அதுவும் நான் வெளியே போயிருக்கிற நேரமாப் பார்த்து. அப்பா மாத்திரை போட்டாரான்னு கேப்பானாம்."

கடை மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "அடுத்த தடவை கூப்பிட்டா என்கிட்ட குடு, மன்னிப்புக் கேட்டுடறேன்னு இவகிட்ட சொன்னேன். மறுநாளே பாத்திரம் கழுவற தொட்டியில போனைப் போட்டுட்டா. என் நேரம்."

அந்த அம்மா தெருவில் போகும் வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான கல் நெஞ்சுக்காரி என்று மெக்கானிக்குக்கு எரிச்சல் வந்தது.

லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தான். போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"தொட்டித் தண்ணி இப்படி அரிக்காதே. இது உப்புத் தண்ணியாச்சே!"

அவள் திரும்பவே இல்லை.

"சிம்மும் போச்சு சார். போர்டைக் கழுவிப் பார்க்கறேன், வந்தா உங்க அதிர்ஷ்டம். பழைய நம்பரையே திரும்ப வாங்கிடலாம். அம்மாவோட அடையாள அட்டை இருக்கா?"

"வண்டியில இருக்கு, இதோ!" மூட்டு வலியையும் மறந்து ஓடினார் மனிதர்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "ஏம்மா, நீங்களே உப்புத் தண்ணியில ஊற வெச்சீங்களா? அப்பாவையும் பிள்ளையையும் சேர விடாம தடுக்கறீங்களே, இது நல்லா இருக்கா?"

அவள் மெல்லத் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. கழற்றிய மூடியை எடுத்து அவளே போன்மேல் வைத்து அழுத்தினாள்.

"அவர் வர்றதுக்குள்ள, இனிமே தேறாதுன்னு முடிச்சுடுங்க" என்றாள். "போனவன் எனக்கும் ஒரு நாள்கூட கூப்பிட்டதில்ல தம்பி."