ஏழு காலிக் கட்டங்கள்

சுரங்க அலுவலகச் சுவரில் பச்சை விளக்கு எரிகிறது. நண்பகல் வெயில் மேசைமேல் சரிந்து கிடக்க, மேற்பார்வையாளர் ஆரஞ்சு உரிக்கிறார். தோல் ஒரே சுருளாக இறங்குகிறது. விளக்குக்கு நிரல் எழுதியவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் நிற்கிறாள். கீழே சுரங்கத்துக்குள் விஷவாயுவை அளக்கும் ஏழு கருவிகளின் கட்டங்களும் காலி. அளவு வராத கருவியை விட்டுவிடு, மற்றவற்றில் பெரிய எண்ணை எடு, அது வரம்பைத் தாண்டினால் சிவப்பைப் போடு என்று எழுதியவள் அவள்தான். ஒன்றிரண்டு விடுபடும் என்றுதான் நினைத்திருந்தாள். ஏழும் விடுபட்ட வெறும் பட்டியலில் பெரிய எண் எது என்று கேட்டதற்கு, எல்லா எண்களையும்விடச் சிறிய ஒன்றைக் கணினி எடுத்து நீட்டியிருக்கிறது. வரம்புக்குள்தான், அதனால் பச்சை. மேற்பார்வையாளர் பக்கம் திரும்புகிறாள்.

“அண்ணே, உள்ள இருக்கிறவங்கள மேல வரச் சொல்லுங்க.”

“பச்சைதானேம்மா எரியுது.”

“ஒரு அளவுகூட வரலைன்னாலும் பச்சைதாண்ணே எரியும். நான் அப்படி எழுதிட்டேன்.”

வாயருகே போன சுளை நிற்கிறது. “எவ்வளவு நேரமா வரல?”

“நாப்பது நிமிஷமா.”

அவர் தொலைபேசியை எடுக்கிறார். சுரங்கத்தின் அடியில் மணி அடிப்பது அதில் மெலிதாகக் கேட்கிறது. காலையில் தலைக்கவசத்தை மாட்டியபடி, “உள்ள பயமில்லையே அண்ணி?” என்று கேட்ட கொழுந்தனிடம், “பச்சை எரியுற வரைக்கும் பயமில்ல” என்று சிரித்தவள் அவள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. பச்சை எரிகிறது.