பச்சைச் சதுரம்

ஒரு மாதமாகப் பஞ்சலிங்கம் அந்தப் பழைய புல் வெட்டும் மெசினோடுதான் குடித்தனம் நடத்தினார். யாழ்ப்பாணத்துக்குக் கிறீசும் வராத போர்த் தடைக்காலம். தேங்காய் எண்ணெயில் துரு இளகியது. அரம் பட்டு அலகுகள் மினுங்கின. வாசல் படலைக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்றையும் அதற்கே பூசினார்.

"இஞ்சாருங்கோ, பின்வளவுப் புல்லு வளர்ந்தபடியே கிடக்கட்டும்" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

"பத்தையாய்க் கிடக்குதப்பா. வெட்டினால் நுவரெலியாவிலை நாங்கள் இருந்த குவாட்டர்ஸ் மாதிரி வரும். பின்னேரத்திலை தேத்தண்ணியோடை அதிலை இருப்பம்."

"உந்த ஆசையை விடுங்கோ."

அவர் விடவில்லை. அன்று மாலை மெசின் கிறுகிறுவென்று பாடிக்கொண்டு போக, புல் பச்சைத் தூறலாய்ப் பறந்தது. வளவின் நடுவே ஒரு கம்பளம் சதுரமாக விரிந்தது. ஞானாம்பிகைகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் நீட்டி இருந்தாள். வெட்டிய புல்லின் வாசத்தில் இருவருக்கும் கண் சொருகியது.

வானத்தில் குண்டு போடும் பொம்பரின் இரைச்சல் கேட்டது.

தேநீர்க் கோப்பைகளை விட்டுவிட்டு இருவரும் புல்தரையின் ஓரத்துப் படிகளில் இறங்கி, அதன் கீழிருந்த பங்கர்க் குழிக்குள் குந்தினார்கள். தலைக்கு மேலே பனங்குற்றிகள், மண், அதற்கும் மேலே அவர் வெட்டிய புல்.

"வடிவாய் வெட்டியிருக்கிறன், என்ன?" என்றார் இருட்டுக்குள்.

"ஓம்" என்றாள் அவள். "பங்கரை மறைக்கத்தான் நான் புல்லை வளரவிட்டனான். இப்ப மேலையிருந்து பாக்கிறவனுக்கும் வடிவாய்த் தெரியும்."