சத்தமில்லாமல் ஒரு ரிவர்ஸ்

"டிரெய்லர் காலியா இருக்கறப்போ என்ன எடைன்னு சொல்லாதீங்க ஆரின். தண்ணி, பெட்ரோல், ரெண்டு பைக், மூணு நாளைக்கு ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணு கட்டற மூட்டை முடிச்சு, எல்லாம் ஏத்தினப்புறம் என்ன எடைன்னு சொல்லுங்க."

ரோண்டா இதே சொற்களில்தான் கேட்டாளா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஆரினின் கடையில் டிரெய்லர்களுக்கு பிரேக் வயர் இணைக்கும் வேலையில் இருந்தேன். எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒருவர் பேசியது இன்னொருவர் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அன்று அவள் நின்ற இடத்தில் நிற்காமல் அலைந்த பரபரப்பை நான் தவறாக நினைவில் வைத்திருக்க முடியாது.

யூட்டா மாநிலத்தில் பாலைவன பைக் ரேஸ்கள் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. அவள் மகள் கெல்சி அந்த வருடம் எட்டு ரேஸிலும் ஓட்ட வேண்டும். இரண்டை விட்டால்கூட புள்ளிப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. எல்லாம் ஊரைவிட்டு நாலைந்து மணி நேரத் தொலைவில், அங்கேயே தங்க வேண்டும். அதற்குத்தான் இந்த டிரெய்லர். பின்பாதியில் பைக், முன்பாதியில் கட்டிலும் அடுப்பும்.

"இந்தப் பெரியதை எடுங்க," என்றார் ஆரின். இருபத்திரண்டு வருடமாக டிரெய்லர் விற்பவர். "ட்ராவிஸோட டிரக் மலையவே இழுக்கும்."

"என் டிரக் இழுக்காது." ரோண்டா தன் சின்ன பிக்கப்பின் கதவைத் திறந்து, இழுக்கக்கூடிய எடை அச்சிட்டு ஒட்டியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அது ஏம்மா இழுக்கணும்?"

கூட வந்திருந்த கெல்சியின் அப்பா ட்ராவிஸ் சொன்னான். "ரெண்டு வண்டிக்கும் பொருந்தணும் ஆரின். பாதி ரேஸுக்கு இவதான் கூட்டிட்டுப் போகணும். நான் இருக்க மாட்டேன்."

"சுரங்கத்துல ஷிஃப்டா?"

ட்ராவிஸ் குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். ஆரின் மறுபடி கேட்கவில்லை.

கடைசியில் இருபத்தோரு அடி டிரெய்லர் ஒன்று ரோண்டாவுக்குப் பிடித்துப்போனது. பின்கதவைச் சாய்வாக இறக்கி, அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தாள். உள்ளே ஓடிக் கட்டிலில் விழுந்தாள். "கெல்சி மேல, நான் கீழ," என்று குரல் மட்டும் வந்தது.

"இதுக்கு முன்னாடி எதை இழுத்திருக்கீங்க?" என்றார் ஆரின்.

"புல்லு வெட்டற மெஷின்."

"அதையும் கொண்டுபோய் வேலியில மோதிட்டா," என்றான் ட்ராவிஸ்.

"வேலிதான் குறுக்க வந்துச்சு." சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள், பிக்கப்பையும் டிரெய்லரையும் சேர்த்துப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "இன்னிக்கு எனக்கு ரிவர்ஸ் வரலன்னா நாலு ரேஸ் போச்சு. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

நான் வயர்களை இணைத்தேன். நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு அவள் பத்திரமாகத் திரும்பினாள். ஆரின் முற்றத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நீயும் உக்காரு," என்றார் என்னிடம். "டிரெய்லர் நிறுத்தற கேம்ப்புல எல்லாரும் எதுக்கு நாற்காலிய ரோட்டப் பாத்துப் போடறாங்க தெரியுமா? புருஷன் பொண்டாட்டி ரிவர்ஸ் எடுக்கறதை வேடிக்கை பாக்க. இப்ப பாரு, ரெண்டு நிமிஷத்துல ஆரம்பிச்சிடுவாங்க."

முதல் முறை டிரெய்லர் தப்பான பக்கம் மடங்கியது. நான் கத்தலுக்காகக் காத்திருந்தேன். ட்ராவிஸ் கையை மட்டும் உயர்த்தினான். வண்டி நின்றது. அவன் ஜன்னலருகே போனான்.

"கையை ஸ்டீயரிங்குக்கு அடியில வை. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. கண்ணாடியில நான் தெரியலன்னா நிறுத்திடு."

"இவ்வளவுதானா? இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் அவனைப் பார்த்தாள். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை ஒரு கூம்பு விழுந்தது. ட்ராவிஸ் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தான், அவ்வளவுதான். மூன்றாம் முறை இருபத்தோரு அடியும் மேசை இழுப்பறைபோல் வழுக்கி உள்ளே போனது. ரோண்டா இறங்கி ஓடி வந்து அவன் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "நாலு ரேஸும் நான் போறேன்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆரின் எழுந்தே விட்டார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சத்தம் போடாம ரிவர்ஸ் எடுத்த ஜோடிய இன்னிக்குத்தான் பாக்கறேன். குடும்பம்னா இப்படி இருக்கணும். சேந்து நில்லுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்து ஆபீஸ்ல மாட்டறேன். இங்க வர்ற மத்த ஜோடிங்க பாத்துக் கத்துக்கட்டும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ட்ராவிஸ் தொப்பியைச் சரிசெய்தான்.

"மாட்டுங்க," என்றாள் ரோண்டா. "ஆனா டிரெய்லர் பேப்பர்ல ரெண்டு விலாசம் போடுங்க. ஒரு வாரம் டிரெய்லரும் கெல்சியும் அவன் வீட்டுல, அடுத்த வாரம் என் வீட்டுல. போன மாசம் கோர்ட்டுல விவாகரத்து ஆச்சு. அன்னிலேர்ந்துதான் நாங்க சத்தம் போட்டுக்கறதில்ல."

கெல்சி அந்த வருடம் எட்டு ரேஸிலும் ஓட்டி மூன்றாவதாக வந்தாள். ட்ராவிஸ் மறுமணம் செய்துகொண்டான். ரோண்டா தனியாகத்தான் இருக்கிறாள், இப்போது முப்பது அடி டிரெய்லர் இழுக்கிறாள். ஆரினும் அவர் மனைவியும் முப்பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேம்ப் முழுக்கக் கேட்கும்.