ஒரு வாய்க் கஞ்சி

ஸ்பூன் உதட்டைத் தொட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை.

கஞ்சி மோவாயில் வழிந்தது. துடைத்தாள்.

"ஆ காட்டுங்க" என்றாள், முகக்கவசத்துக்குள்ளிருந்து.

கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே வெறும் நீலத் துணி.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குச் சொன்னால் புரியாது. பார்த்தால் செய்வார். அவள் வாயைப் பெரிதாகத் திறப்பாள். அவரும் திறப்பார். இத்தனை வருடமாகச் சோறு அப்படித்தான் இறங்கியது.

நேற்றுப் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்குக் கொரோனா. அவருக்கு இல்லை.

"என்ன ஆனாலும் மாஸ்க்கைக் கழட்டிடாதம்மா. அப்பா தாங்க மாட்டார்." ஓசூரிலிருந்து மகள் ஃபோனில் அழுதாள். ஊரடங்கு. அவளால் வர முடியாது.

காலையிலும் அவர் சாப்பிடவில்லை. வலிப்பு மாத்திரையைப் பொடித்து இந்தக் கஞ்சியில்தான் கலந்திருந்தாள்.

கை, காதில் மாட்டியிருந்த கயிற்றுக்குப் போனது.

ஒரே ஒரு வாய்தானே.

கையை இறக்கினாள்.

எழுந்து வெளியே போனாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்துக்கு வந்தாள். ஜன்னலின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலில் அவர். கண்ணாடியைத் தட்டினாள். முகக்கவசத்தை இறக்கினாள். வாயைத் திறந்தாள்.

அவரும் திறந்தார்.

முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு ஓடினாள். சந்து, வாசற்படி, கூடம். கட்டிலருகே வந்தபோது வாய் மூடியிருந்தது.

மறுபடி சந்து.

மாடிவீட்டு ரெஜினா துணி காயப்போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, காய்ச்சலோட ஜன்னலைப் பார்த்துப் பல்லைக் காட்டிட்டு நிக்கிறீங்க?"

"எங்க வீட்டுக்காரர்கிட்டதான்." மூச்சு வாங்கியது. "இந்த மூஞ்சியை வேற யாரு பார்ப்பா?"

சிரித்த ரெஜினா, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

மறுபடி ஓட்டம். மறுபடி மூடிய வாய்.

அடுத்த முறை ஓட முடியவில்லை. கால்கள் பின்னின. சுவரைத் தடவித் தடவி நடந்தே வந்தாள்.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

எச்சில் வழிந்துகொண்டிருந்தது. தாடை நடுங்கியது. மூடவில்லை.

ஸ்பூனை உள்ளே விட்டாள். தொண்டை ஏறி இறங்கியது.

கிண்ணம் அப்படியே நிறைந்திருந்தது. அவள் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

அவர் அதற்குள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.