புள்ளிக்கோட்டுப் பாதை

நானூறு வீடுகள், பூங்கா, நீச்சல் குளம், எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். அந்தக் குடியிருப்பின் வரைபடத்தைப் போட்டவள் தமயந்தி. பழைய நில அளவைப் படத்தில், இடத்தின் குறுக்கே புள்ளிகளாக ஒரு நடைபாதை ஓடியது. பின்னாலிருக்கும் காலனி ஜனங்கள் பஸ் ரோட்டுக்குப் போகும் வழி அது.

"வண்டிகூடப் போகாத பாதைம்மா. விட்டுடுங்க, பதினோரு மனை கூடுதலா வரும்," என்றார் முதலாளி.

அவள் தன் படத்தில் அந்தப் புள்ளிகளைச் சேர்க்கவில்லை. அந்தப் படத்துக்கே அனுமதியும் கிடைத்தது.

ஆறு வருடம் கழித்து, வடிகாலுக்கு அளவெடுக்க மதிலுக்கு வெளியே போயிருந்தாள். பள்ளிச் சீருடையில் இருந்த மகளோடு வந்த ஒரு பெண், தமயந்தியின் கையிலிருந்த குடியிருப்புப் படத்தைப் பார்த்து நின்றாள்.

"மேடம், இந்தச் சுவத்துக்குள்ள எங்க பாதை ஒண்ணு இருந்துச்சு. இப்ப மூணு கிலோமீட்டர் சுத்திப் போறோம். மனு கொடுத்தா, மேப்புலயே பாதை இல்லைங்கிறாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்களேன்."

தமயந்தி படத்தை விரித்து, தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல இல்லைங்க," என்றாள். அது பொய்யில்லை.

"அப்ப எங்க மாமனார் காலத்துலேர்ந்து அடுத்தவங்க நிலத்துலதான் நடந்திருக்கோம்போல. தெரியாம நடந்துட்டோம் மேடம்."

அந்தப் பெண் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மதிலோரமாகவே நடந்தாள். தமயந்தி கூப்பிட வாயெடுத்தாள். பெயர்கூடக் கேட்டிருக்கவில்லை. மதில் நீளமானது. இருவரும் வெகுநேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தார்கள்.