அசனத்துக்கு வந்த தண்ணீர்

அவள் சோற்றுக் குவியலின் ஓரத்திலிருந்து நாலு பருக்கையை எடுத்து வாயில் போட்டாள்.

மென்றாள்.

வேறொரு பக்கத்திலிருந்து இன்னும் நாலு பருக்கை.

உப்பே இல்லை.

கோயிலுக்குள் கடைசிப் பாட்டு முடிந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்தால் போதகரின் ஆசீர்வாதம். ஆசீர்வாதம் முடிந்தால் அசனம், ஊர் விருந்து. ஊரே பந்தலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

பண்டிகை அசனத்துக்கு இத்தனை வருடமும் ஆண்கள்தான் தலைச் சமையல். இந்த முறை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். "பொம்பள கை ஊருக்குச் சமைச்சுக் காணுமா?" என்று கமிட்டிக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவர் ஞானையா மாமா. "ஒரு தடவ பாப்போம். வாயில வைக்க விளங்கலன்னா அடுத்த வருசம் பழைய ஆளுதான்."

முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு.

அவள் எதையும் மறக்கவில்லை. இந்த ஊரில் உலைக்கு யாரும் உப்புப் போடுவதில்லை. கிணற்றிலேயே இருக்கிறது. குழம்புக்கும் பாதி உப்புதான். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வரும் பெண்ணுக்கு மாமியார் சொல்லும் முதல் புத்திமதியே அதுதான்.

இன்று உலையில் கொதித்தது கிணற்றுத் தண்ணீர் அல்ல.

பள்ளிவாசல் அறக்கட்டளை புதிதாகப் போட்ட சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர். எந்தத் தெரு ஆள் குடத்தோடு போனாலும் பிடித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரு குடம், குடிக்க மட்டும். சமையல் இன்னமும் கிணற்றில்தான். போன அசனத்தில் வெளியூர் விருந்தாளிகள் தம்ளரை வாயில் வைத்துவிட்டு அப்படியே கீழே வைத்தார்களாம். அதைக் கேள்விப்பட்ட ஜமாத்தார் இந்த முறை ஒரு வண்டி நிறைய அனுப்பிவிட்டார்கள். ஆக்கவும் இதையே எடுங்கள் என்று சொல்லி.

வண்டி ஓட்டி வந்த மீரான் அதன் குழாயடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தான்.

அவள் முகத்தைப் பார்த்தான். சோற்றைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான்.

"உப்பு இல்லையா மைனி? முதல் நோன்புக்கு எங்க பள்ளிவாசல் கஞ்சியும் இதே லெச்சணந்தான்."

"சிரிக்காதிய தம்பி. அன்னைக்கு என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய? ஆளுக்கு ரெண்டு பேரீச்சம்பழம் கூட வச்சோம்."

பேரீச்சம்பழத்துக்கு அவள் எங்கே போவாள்?

நல்லவேளை, குழம்பு இன்னும் அடுப்பில் இருந்தது. கல்லுப்பைக் கரைத்து ஊற்றிக் கிளறினாள். ருசி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். கூடச் சமைக்கும் லீதியாளைக் கூப்பிட்டு, இலைக்கு ஒரு சிட்டிகை உப்பு வைக்கச் சொன்னாள்.

"இலையிலயா?"

இந்த ஊர் இலை அதுவரை உப்பைக் கண்டதில்லை.

"கேள்வி கேக்காதளா. வை."

பந்தி உட்கார்ந்தது.

முதல் இலைக்கு அவளே சோறு போட்டாள். குழம்பு வாளி பந்தலின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஞானையா மாமா காத்திருக்கவில்லை. வெறுஞ்சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டார்.

தாடை நின்றது.

இலை ஓரத்து உப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உப்பை விரலால் தொட்டுக்கொண்டு இன்னொரு வாய்.

அவள் அகப்பையோடு அங்கேயே நின்றாள்.

இன்னொரு வாய்.

குழம்பு வந்து நின்றது. அவர் இலைக்கு மேலே கையை விரித்தார். பொறு.

ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கிணற்றுத் தண்ணீர் ஏற்றும் பழுப்பு அதில் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஏளா, இது என்ன அரிசி?"

"வழக்கமா வாங்குற அரிசிதான் மாமா. அதே கடை."

"எங்கிட்டயே கத விடுதியா? சின்னப் பிள்ளையில இருந்து இந்தக் கோயில் சோறு திங்கேன். எனக்குத் தெரியாதா?"

பக்கத்து இலைக்காரரும் ஒரு வாய் வெறுஞ்சோறு தின்று பார்த்தார். அடுத்த இலையிலும் குழம்புக்கு முன்னே ஒரு கை விரிந்தது. வாளிக்காரன் யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் நின்றான்.

"சரி, சொல்லாட்டாப் போ." ஞானையா மாமா இலையை அவள் பக்கம் லேசாக நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் வை. அடுத்த வருசமும் இதே அரிசியவே வாங்கிப் போடு."

அவள் தலையாட்டினாள். குனிந்து சோறு வைத்தாள்.

தண்ணீர் வண்டி நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை.

திரும்பினால் சிரித்துவிடுவாள்.