எட்டாயிரம் கிலோமீட்டர்

மரக்காணம் உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசுகிறது. உப்புக் குவியலருகே, கடலைப் பார்த்தபடி, மலர்கொடி போனைக் காதில் அழுத்தி நிற்கிறாள். "லண்டன்லருந்து எட்டாயிரம் கிலோமீட்டருடி. பத்து மணி நேரத்துக்கு மேல பறக்கணும். பாப்பா காதுகுத்துக்குன்னு நெனச்ச ஒடனே வந்துட முடியுமா?" வழக்கம்போல அலுத்துக்கொள்கிறான் புருஷன் மணிகண்டன். அவனும் இந்தப் பாத்திகளில் உப்பு வாரி வளர்ந்தவன்தான். "அதுக்கில்லீங்க, பாப்பா தெனமும்..." அவளை முடிக்கவிடாமல் பதறுகிறான். "அடியே, மேக்க இருட்டிக்கிட்டு வருது, உப்ப மூடு!" சட்டென்று ஓலையை எடுத்தவள், அப்படியே நின்று திரும்புகிறாள். மேற்கே வானூர்ப் பக்கம் மேகம் கருத்துத் திரண்டிருக்கிறது. "நீங்க எங்கருந்து பாக்குறீங்க?" ஓலை அவள் கையிலேயே இருக்க, முதல் துளி உப்பில் விழுகிறது. வானத்தில் உருளும் இடி போனுக்குள்ளும் உருளுகிறது.